இணைப்புப் பிழை: வீட்டுப் பெட்டியின் வாசலில் நடப்பது என்ன?

புலம்பெயர்ந்து வாழும் எமது மக்களின் வீடுகளில், சுவரோரத்தில் விளக்குகள் மினுங்க அமர்ந்திருக்கும் சிறிய இணையப் பெட்டி இல்லாத வீடு இன்று அரிதாகிவிட்டது. 'றவுட்டர்' என்று அழைக்கப்படும் இப்பெட்டியின் ஊடாகவே ஊரில் இருக்கும் தாயின் குரல் வருகிறது. பிள்ளையின் பாடசாலை அறிவித்தலும், சட்டத்தரணி அனுப்பும் மின்னஞ்சலும், வதிவிட அனுமதி தொடர்பான தகவலும் அதன் வழியாகவே வருகின்றன. அது ஒரு நாள் செயலிழந்தால் வீடே ஊமையாகிவிடுகிறது. எனினும் அப்பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்த குடும்பங்கள் மிகச் சில. 'அது எங்கள் மருமகனுக்குத்தான் தெரியும்' என்பதே பல வீடுகளில் நாம் கேட்கும் பதில்.

தரவிறக்க மென்பொருள் ஒன்றைக் கணனியில் நிறுவிப் பெரிய கோப்பு ஒன்றை இறக்க முயலும்போது, 'இணைப்புப் பிழை' என்ற அறிவித்தலோடு எல்லாம் நின்றுவிடுகிறது. இந்த அனுபவம் அண்மைக் காலத்தில் எமது சமூகத்தில் அதிகரித்துள்ளதற்கு ஒரு காரணம் உண்டு. வின்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. பழைய கணனிகள் பல வின்டோஸ் 11 ஐ ஏற்கும் தகுதியற்றவை. புதிய கணனி வாங்க வசதியற்ற குடும்பங்கள் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை நாடுகின்றன. அதன் கோப்போ இரண்டு, மூன்று கிகாபைற் அளவினது. அதைப் பெறுவதற்கு லினக்ஸ் அமைப்புகளே பரிந்துரைக்கும் வழிகளில் ஒன்று 'பிற்ரொறன்ற்' என்னும் முறை. பிழை அறிவித்தல் தோன்றுவது பெரும்பாலும் இங்கேதான்.

அறிவித்தலைக் கண்டதும் எம்மவர் செய்வது என்ன? பெட்டியை அணைத்து ஏற்றுகிறார்கள். பின்னர் நிறுவனத்தைத் திட்டுகிறார்கள். சிலர் ஒப்பந்தத்தை முறித்து வேறு நிறுவனத்துக்குப் போகிறார்கள். இவற்றிலும் ஆபத்தானது நான்காவது வழி. விடயம் தெரிந்தவர் என்று கருதப்படும் ஒருவர் வந்து, பெட்டியின் காவல்கள் யாவற்றையும் அகற்றிவிட்டு, 'இனிப் பிரச்சினை வராது' என்று சொல்லிப் போகிறார். தரவிறக்கம் ஓடத் தொடங்குகிறது. அதே நாளில் அந்த வீட்டின் வாசல் உலகம் முழுவதற்கும் திறந்தும் விடுகிறது.

பிழை அறிவித்தல் என்பது வாசித்துப் பொருள் கொள்ள வேண்டிய ஒரு வாக்கியம் என்பதையும், எல்லாப் பிழைகளுக்கும் வாசலைத் திறப்பது மருந்தல்ல என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கணனித்துறை சாராதவர்களும் பின்பற்றக் கூடிய வகையில் இதனை எழுதுகிறோம்.

கொடுத்து வாங்கும் முறை

சாதாரணத் தரவிறக்கத்தில் ஒரு வழங்கிக் கணனி கொடுக்கிறது, எமது கணனி வாங்குகிறது. பிற்ரொறன்ற் முறை வேறானது. பிறாம் கோகன் என்ற அமெரிக்க நிரலாளர் 2001 இல் இதனை வெளியிட்டார். இதில் பெரிய கோப்பு பல சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. அக்கோப்பை வைத்திருக்கும் கணனிகளும் பெற்றுக்கொண்டிருக்கும் கணனிகளும் ஒன்றுக்கொன்று துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. வாங்குபவரே அதே வேளையில் கொடுப்பவராகவும் ஆகிறார். வந்து சேரும் ஒவ்வொரு துண்டும் சரியானதா எனச் சோதிக்கப்படுவதால், இடையில் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படும் வீடுகளுக்கு இது பெரும் வசதி.

லினக்ஸ் மின்ற், டெபியன் போன்ற இயங்குதளங்களும் லிப்ரே ஒபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளும் இம்முறையில் கிடைக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவைத் தளமாகக் கொண்ட 'இன்ரநெற் ஆர்க்கைவ்' என்னும் எண்ணிம நூலகம் தனது நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் 2012 முதல் இவ்வழியாகவும் வழங்கி வருகிறது. எனவே இம்முறையே களவானது என்ற எண்ணம் தவறு. எதைப் பரிமாறுகிறோம் என்பதிலேயே நன்மையும் தீமையும் தங்கியுள்ளன. சட்டம் பற்றிய பகுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

ஒரே முகவரி, பல அறைகள்

இப்போது பெட்டிக்கு வருவோம். எமது வாசகர்களில் பலர் அகதிகள் விடுதிகளில் வாழ்ந்தவர்கள், சிலர் இன்றும் வாழ்பவர்கள். ஆகையால் விடுதி ஒன்றையே உதாரணமாகக் கொள்வோம்.

விடுதிக்குத் தெருவில் ஒரே முகவரி. உள்ளே பல அறைகள். வாயிலில் ஒரு காவலர், அவர் கையில் ஒரு குறிப்பேடு. 12 ஆம் அறையில் இருப்பவர் வெளியே ஒரு கடிதம் அனுப்பினால், காவலர் அதைக் குறித்துக்கொள்கிறார். பதில் வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து 12 ஆம் அறைக்கு அனுப்புகிறார். ஆனால் எவரும் அழைக்காமல் வெளியாள் ஒருவர் வந்து நின்றால், அவரை எந்த அறைக்கு அனுப்புவது என்பது காவலருக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிவிடுகிறார்.

வீட்டுப் பெட்டி செய்வதும் இதையே. இணையத்தில் ஒவ்வொரு கணனிக்கும் ஒரு முகவரி வேண்டும். பழைய முகவரி முறையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. ஐரோப்பாவுக்கான முகவரிகளைப் பங்கிடும் றைப் நிறுவனத்தின் கையிருப்பு 2019 நவம்பர் 25 ஆம் திகதி தீர்ந்தது. இந்தத் தட்டுப்பாட்டை முன்னுணர்ந்த பொறியியலாளர்கள், பல கணனிகள் ஒரே வெளி முகவரியைப் பகிரும் முறையை 1994 இலேயே எழுதி வைத்தனர். 192.168 என்றும் 10 என்றும் தொடங்கும் இலக்கங்களை உள்வீட்டுப் பாவனைக்கென 1996 இல் ஒதுக்கினர். உங்கள் கணனியின் முகவரி 192.168 என்று தொடங்கினால் அது அறை இலக்கம் மட்டுமே. தெருவில் உள்ளவர்களுக்கு அது தெரியாது.

தெரு முகவரியோடு இன்னொரு இலக்கமும் உண்டு. பெட்டியின் பட்டியல்களில் 'போர்ட்' என்று குறிக்கப்படுவது இதுவே. நாம் இதனை வாசல் இலக்கம் என்போம். வாசல் இலக்கங்கள் 65,535 வரை செல்கின்றன. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு வாசலில் காத்திருக்கிறது. பிற்ரொறன்ற் மென்பொருளைத் தேடி வெளியிலிருந்து வரும் அந்நியக் கணனிகள் காவலரால் திருப்பி அனுப்பப்படுவதே 'வெளியிலிருந்து நேரடி இணைப்புகள் இல்லை' என்ற எச்சரிக்கைக்குப் பெரும்பாலும் காரணம்.

பிழை என்ன சொல்கிறது?

எல்லாப் பிழைகளும் ஒரே பொருளைத் தருவன அல்ல. பொதுவாகக் காணப்படும் நான்கினை இங்கு தருகிறோம்.

முதலாவது, 'பெயர் கண்டுபிடிக்கப்படவில்லை' என்ற பொருள்படும் அறிவித்தல். தேடப்படும் இடத்தின் பெயரை முகவரி இலக்கமாக மாற்ற முடியவில்லை என்பதே இதன் கருத்து. ஏனைய இணையத்தளங்கள் வழமைபோல் திறக்கின்றன எனில், அந்த இடமே இல்லாமல் போயிருக்கலாம். எதுவுமே திறக்கவில்லை எனில், பெயரை இலக்கமாக்கும் சேவையில் கோளாறு இருக்கலாம். பெட்டியின் அமைப்புகளில் அச்சேவைக்கு 9.9.9.9 போன்ற பொதுச் சேவையின் இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்பது. எமது செய்தி அங்கே போய்ச் சேர்ந்துள்ளது, ஆனால் அந்த வாசலில் எவரும் இல்லை. கோளாறு பெரும்பாலும் மறுபக்கத்திலேயே உள்ளது. இதற்காக எமது பெட்டியில் கை வைப்பது, அயலவர் கதவைத் திறக்கவில்லை என்பதற்காக எமது பூட்டை உடைப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, 'நேரம் கடந்துவிட்டது' என்பது. கடிதம் போனது, பதிலே இல்லை. இடையில் ஏதோவொரு காவல் அதனைச் சத்தமின்றி விழுங்கியிருக்கலாம். கணனியிலுள்ள தீச்சுவர் மென்பொருள், வீட்டுப் பெட்டி, விடுதியின் வலையமைப்பு ஆகிய மூன்றில் ஒன்று அதுவாக இருக்கக் கூடும். மறுபக்கக் கணனி அணைக்கப்பட்டிருந்தாலும் இதே அறிவித்தல் வரலாம்.

நான்காவது, மென்பொருளின் அடியில் தோன்றும் நிற அடையாளம். உதாரணமாக 'கியூபிற்ரொறன்ற்' என்னும் இலவச மென்பொருளில் இதைக் காணலாம். வெளியார் நேரடியாக வந்து சேர முடியாதபோது, எச்சரிக்கை அடையாளத்துடன் 'நேரடி இணைப்புகள் இல்லை, வலையமைப்பில் கோளாறு இருக்கலாம்' என்று அது கூறுகிறது. இதைக் கண்டே பலர் பதறுகின்றனர். ஆனால் கவனியுங்கள்: வெளியார் உள்ளே வர முடியாவிட்டாலும், நாம் வெளியே சென்று கேட்கலாம். வாசல் திறந்திருக்கும் ஏனைய கணனிகளுடன் எமது கணனி தானாகவே தொடர்பு கொண்டு துண்டுகளைப் பெறும். பலர் வைத்திருக்கும் லினக்ஸ் கோப்பு ஒன்று, இந்த எச்சரிக்கை இருந்தபோதும் நல்ல வேகத்தில் இறங்கி முடியும். வேகம் போதுமெனில் அதை அப்படியே விட்டுவிடலாம். இது நோயல்ல.

ஒழுங்கு முறைப்படி தேடுதல்

கோளாறு எங்கே என்பதை அறிய, உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு படியாகச் செல்ல வேண்டும். ஒரே நேரத்தில் பல அமைப்புகளை மாற்றுபவர், சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்பதை அறியமாட்டார்.

முதற்படி: இணைப்பு முழுவதும் பழுதா, மென்பொருள் மட்டுமா? அதே கணனியில் ஏதேனும் ஓர் இணையத்தளத்தைத் திறந்து பாருங்கள். வேறு கணனியிலும் பாருங்கள். கம்பியில்லா இணைப்பில் இருந்தால், ஒரு கம்பியினால் கணனியைப் பெட்டியோடு நேரடியாக இணைத்துப் பாருங்கள். தடித்த கொங்கிறீற் சுவர்கள் கொண்ட மாடிக் குடியிருப்புகளில் சமிக்ஞையின் பலவீனமே பல 'பிழை'களின் தாய்.

இரண்டாம் படி: கொடுப்பவர் இருக்கிறாரா? முழுக் கோப்பையும் வைத்திருப்போரின் எண்ணிக்கையை மென்பொருள் காட்டும். அது பூச்சியமாயின், பெட்டியை எவ்வளவு திருத்தினாலும் கோப்பு வராது. ஐயம் தீர்க்க, பிரபலமான லினக்ஸ் கோப்பு ஒன்றைச் சோதனைக்காக இறக்கிப் பாருங்கள். அது இறங்கினால் உங்கள் பெட்டி குற்றமற்றது.

மூன்றாம் படி: சேமிக்குமிடம் சரியா? இணைப்புப் பிழை என்று எம்மவர் எண்ணுவது சில வேளைகளில் இடப் பிழையாக இருக்கும். பழைய முறையில் வடிவமைக்கப்பட்ட விரல் நினைவகங்கள் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்பதில்லை, எவ்வளவு இடம் மீதமிருந்தாலும் சரி.

நான்காம் படி: கணனியின் தீச்சுவர். மென்பொருளை முதன்முறை இயக்கும்போது வின்டோஸ் அனுமதி கேட்கும். அவசரத்தில் 'இல்லை' என்று அழுத்தியவர்கள் பலர். தீச்சுவரின் பட்டியலில் அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். தீச்சுவரையே அணைத்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: வீட்டுப் பெட்டி. வேகம் உண்மையிலேயே போதாமலிருந்தால் மட்டும் இப்படிக்கு வாருங்கள். காவலரிடம், 'இந்த வாசல் இலக்கத்தைக் கேட்டு வருபவரை 12 ஆம் அறைக்கு அனுப்புங்கள்' என்று எழுதிக் கொடுப்பதே இங்கு செய்ய வேண்டியது. முதலில் மென்பொருளின் அமைப்பில் எந்த வாசல் இலக்கம் உள்ளதென்று பாருங்கள். ட்ரான்ஸ்மிஷன் என்னும் மென்பொருள் 51413 ஐப் பாவிக்கிறது. பழைய மென்பொருட்கள் பாவித்த 6881 முதல் 6889 வரையான இலக்கங்கள் சில வலையமைப்புகளில் தடுக்கப்படுவதுண்டு. 49152 க்கு மேற்பட்ட ஓர் இலக்கத்தைத் தெரிவது நல்லது. அடுத்து, கணனியின் அறை இலக்கம் மாறாதவாறு பெட்டியில் நிரந்தரமாக்குங்கள். பலர் இதை மறந்துவிடுகின்றனர். இன்று 12 ஆம் அறையில் இருந்த கணனி, பெட்டி மீள இயங்கியபின் 15 ஆம் அறைக்கு மாறிவிடலாம். காவலரோ பழைய அறைக்கே ஆட்களை அனுப்பிக்கொண்டிருப்பார். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்ற முறைப்பாட்டுக்கு இதுவே ஒரு காரணம்.

பெட்டியின் அமைப்புப் பக்கத்தைக் கணனியின் உலாவியில் திறக்கலாம். ஜேர்மனியில் பரவலாகப் பாவிக்கப்படும் 'பிறிற்ஸ்பொக்ஸ்' பெட்டியின் முகவரி வழமையாக 192.168.178.1. அதில் 'இன்ரநெற்' என்ற பகுதியின் கீழ் 'பிறைகாபென்' என்ற பிரிவில் வாசல்கள் பற்றிய அமைப்பு உண்டு. வேறு பெட்டிகளின் முகவரியும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும்.

ஆறாம் படி: காவலருக்கு மேல் ஒரு காவலரா? மேற்கூறிய யாவும் செய்தும் பயனில்லையெனில், பெட்டியின் நிலைமைப் பக்கத்தில் அதன் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான இலக்கங்களில் தொடங்கினால், நிறுவனமே பல வீடுகளை ஒரே தெரு முகவரியின் கீழ் வைத்திருக்கிறது. இவ்விலக்கங்கள் 2012 இல் அதற்கெனவே ஒதுக்கப்பட்டவை. எமது விடுதி ஒரு பெரிய மதிலுக்குள் இருக்கிறது. மதிலின் காவலர் எமது சொல்லைக் கேட்கமாட்டார். கைத்தொலைபேசி வழியான இணைப்புகளில் இது சாதாரணம், ஜேர்மனியின் கேபிள் மற்றும் கண்ணாடியிழை இணைப்புகள் பலவற்றிலும் உண்டு. பிரான்சில் 'பிறீ' நிறுவனம் தனது வாடிக்கையாளர் பலருக்கு ஒரே முகவரியின் வாசல்களை நான்காகப் பகிர்ந்தளித்துள்ளது. முழு முகவரி வேண்டுவோர் தமது கணக்குப் பக்கத்தில் விண்ணப்பிக்கலாம். ஏனைய நிறுவனங்களிடமும் 'எமக்கெனத் தனியான வெளி முகவரி தர முடியுமா?' என்று கேட்பதில் தவறில்லை. சில இலவசமாகத் தருகின்றன, சில கட்டணம் கேட்கின்றன.

வெளி முகவரி 192.168 என்று தொடங்கினால், வீட்டிலேயே இரண்டு பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன என்று பொருள். நிறுவனம் தந்த பெட்டியின் பின்னால் கடையில் வாங்கிய பெட்டியைப் பூட்டிய வீடுகளில் இதைக் காணலாம். ஒரு காவலருக்குச் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. இரண்டில் ஒன்றை வெறும் கம்பியில்லா நிலையமாக மட்டும் இயங்க வைப்பதே தீர்வு.

தரவிறக்கம் ஓடும்போது தொலைபேசி அறுவது ஏன்?

பல குடும்பங்களின் முறைப்பாடு வேறானது. தரவிறக்கம் ஓடுகிறது, ஆனால் ஊரோடு பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு விக்குகிறது, இறுதியில் இணையமே நின்றுவிடுகிறது. நாம் அறிந்த குடும்பம் ஒன்று இக்காரணத்தால் இரண்டு ஆண்டுகளில் இரு தடவை நிறுவனம் மாறியது. குற்றம் எந்த நிறுவனத்திலும் இருக்கவில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, காவலரின் குறிப்பேடு. பிற்ரொறன்ற் மென்பொருள் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கணனிகளோடு பேசும். கியூபிற்ரொறன்ற் மென்பொருளின் ஆரம்ப அமைப்பில் 500 இணைப்புகள் வரை அனுமதி உண்டு. மலிவான பெட்டியின் குறிப்பேடு இதனால் நிரம்பிவிடுகிறது. புதிய வரி எழுத இடமில்லாதபோது, தாயின் அழைப்பும் திருப்பி அனுப்பப்படுகிறது. இந்த எண்ணிக்கையை 100 அளவுக்குக் குறைத்தால் தரவிறக்கம் பெரிதாகப் பாதிக்கப்படாது, வீடு மூச்சு விடும்.

மற்றையது, தரவேற்றம். வீட்டு இணைப்புகள் பலவற்றில் வெளியே அனுப்பும் வேகம் உள்ளே வரும் வேகத்திலும் மிகக் குறைவு. மென்பொருளோ கொடுத்து வாங்குவது. அனுப்பும் பாதை முழுவதையும் அது அடைத்துக்கொண்டால், எமது குரலும் அதே வரிசையில் பின்னால் நிற்க வேண்டியுள்ளது. அனுப்பும் வேகத்தை அளந்து, அதன் நான்கில் மூன்று பங்குக்கு மேல் போகாதவாறு மென்பொருளில் எல்லை விதியுங்கள். பெட்டியை மாற்றுமுன் இவ்விரண்டையும் செய்து பாருங்கள்.

திறக்கக் கூடாத வாசல்கள்

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட ஆபத்துக்கு வருவோம். பெட்டிகளில் 'டிஎம்இசெற்' என்றும் 'எக்ஸ்போஸ்ட் ஹோஸ்ட்' என்றும் ஓர் அமைப்பு உண்டு. 'யார் எந்த வாசலைக் கேட்டு வந்தாலும் 12 ஆம் அறைக்கு அனுப்பு' என்று காவலருக்குக் கொடுக்கும் கட்டளை அது. தரவிறக்கம் உடனே சீராகும் என்பது உண்மை. அந்தக் கணனியிலுள்ள தஞ்சக் கோரிக்கை ஆவணங்கள், பிள்ளைகளின் படங்கள், வங்கிக் கடவுச்சொற்கள் யாவும் வெளியாரின் தட்டலுக்கு நேரே நிற்கின்றன என்பதும் உண்மை. எந்தத் தரவிறக்கத்துக்கும் இது அவசியமில்லை. ஒரு மென்பொருளுக்கு ஒரு வாசல் போதும். வேலை முடிந்ததும் அதையும் மூடிவிடலாம்.

மென்பொருள்கள் தாமே காவலரிடம் சொல்லி வாசலைத் திறக்கும் 'யூபிஎன்பி' என்ற வசதியும் உண்டு. வசதியானது, ஆனால் கேட்பவர் யார் என்று அது விசாரிப்பதில்லை. இவ்வசதியை வீட்டுக்குள் மட்டுமன்றி வெளி இணையத்துக்கும் காட்டிக்கொண்டிருந்த குறைபாடுள்ள சாதனங்கள் 4 முதல் 5 கோடி வரை உள்ளதாக ரப்பிட்7 என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2013 சனவரியில் வெளியிட்ட ஆய்வு கூறியது. முடிந்தால் இதனை அணைத்துவிட்டு, தேவையான ஒரு வாசலைக் கையால் திறப்பதே பாதுகாப்பு. பிறிற்ஸ்பொக்ஸ் போன்ற சில பெட்டிகளில், எந்தக் கணனிக்கு இந்த அனுமதி என்பதைத் தனித்தனியே தெரியலாம்.

திறந்த வாசல் ஒன்று என்ன செய்யும் என்பதை ஜேர்மனியில் வாழும் எமது வாசகர்கள் நேரிலேயே கண்டவர்கள். 2016 நவம்பர் இறுதியில் டொச்சே ரெலிகொம் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ 9 இலட்சம் பேரின் இணைப்புகள் பாதிக்கப்பட்டன. பெட்டிகளைத் தொலைவிலிருந்து பராமரிக்கப் பாவிக்கப்படும் 7547 என்னும் வாசலைத் தேடி உலகெங்கும் நடத்தப்பட்ட தாக்குதலின் விளைவு அது. தாக்கியவர்களின் நோக்கம் பெட்டிகளைக் கைப்பற்றுவது. அங்கே அது நிறைவேறவில்லை, பெட்டிகள் செயலிழந்தன. புதுப்பிக்கப்பட்ட மென்பொருளே தீர்வாயிற்று. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிப்பதும், தொழிற்சாலை தந்த கடவுச்சொல்லை மாற்றுவதும் வீட்டுக் கதவைப் பூட்டுவதற்குச் சமமான கடமைகள்.

ஒப்பந்தத்தில் யாருடைய பெயர்?

இறுதியாக, எமது மக்கள் அதிகம் அறிந்திராத ஒரு விடயம். பிற்ரொறன்ற் முறையில் வாங்குபவர் கொடுப்பவராகவும் ஆகிறார் என்றோம். உரிமை பெறாத திரைப்படம் ஒன்றை இறக்கும் பிள்ளை, அதனை அந்நேரமே பிறருக்கு விநியோகிக்கவும் செய்கிறது. அதைக் கண்காணிப்பவர்களுக்குத் தெரிவது வீட்டின் வெளி முகவரி. அம்முகவரி காட்டுவது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தந்தையை அல்லது தாயை.

ஜேர்மனியில் உரிமையாளரின் சட்டத்தரணியிடமிருந்து 'அப்மானுங்' எனப்படும் எச்சரிக்கைக் கடிதம் வரும். பல நூறு யூரோக்கள் கேட்கப்படும். கூடவே கையெழுத்திடுமாறு ஓர் உறுதிமொழியும் இணைக்கப்பட்டிருக்கும். அதனை வாசிக்காமல் கையெழுத்திடவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. உறுதிமொழி நீண்ட காலத்துக்குப் பிணைப்பது. கடிதத்தில் குறித்த தவணைக்குள் பாவனையாளர் ஆலோசனை நிலையத்தையோ ஒரு சட்டத்தரணியையோ அணுக வேண்டும். பிரான்சில் 2009 ஆம் ஆண்டுச் சட்டம் தமது இணைப்பு இவ்வாறு பயன்படாமல் பார்க்கும் கடமையைச் சந்தாதாரர் மீதே சுமத்தியது. அதற்கென அமைந்த அடோப்பி நிறுவனத்தின் பணிகளை 2022 சனவரி முதல் ஆர்கொம் பொறுப்பேற்றுள்ளது. சுவிற்சர்லாந்தில் சொந்தப் பாவனைக்கு இறக்குவதைச் சட்டம் பொறுத்துக்கொண்டாலும், பிறருக்கு ஏற்றிவிடுவதைப் பொறுத்துக்கொள்வதில்லை. இம்மென்பொருளோ இரண்டையும் ஒருங்கே செய்வது.

தஞ்சக் கோரிக்கை நிலுவையிலுள்ள குடும்பத்துக்குச் சட்டத்தரணியின் கடித உறை ஒன்று எத்தகைய நடுக்கத்தைக் கொடுக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. எனவே, பெட்டியின் வாசலைப் பற்றிப் பேசும் அதே வேளையில், அதன் வழியே எது போகிறது என்பதையும் வீட்டில் பேசியாக வேண்டும். விடுதி வலையமைப்புகளில் இருப்போருக்கு ஒரு சொல்: அங்கே இம்முறை பெரும்பாலும் தடுக்கப்பட்டிருக்கும், பெட்டியும் உங்களுடையதல்ல. அதைச் சுற்றிப் போக முயலாமல், அதே லினக்ஸ் கோப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து நேரடியாக இறக்குவதே உங்களுக்கு உகந்தது. அத்தளத்தில் வெளியிடப்படும் சரிபார்ப்பு இலக்கத்தோடு கோப்பை ஒப்பிட்டுப் பார்க்கவும் தவறாதீர்கள்.

வாசகர்களிடம் நாம் வேண்டுவது பெரிதல்ல. வீட்டில் ஒரு சிறு கொப்பியை எடுத்து, பெட்டியின் முகவரி, கடவுச்சொல், திறந்துவிட்ட வாசல் இலக்கம், எந்தக் கணனிக்காகத் திறந்தது, எப்போது திறந்தது ஆகியவற்றைத் தமிழில் எழுதி வைத்து, கொப்பியைப் பத்திரமான இடத்தில் வையுங்கள். மருமகன் வந்து திருத்தினால், என்ன செய்தார் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். அடுத்த தடவை 'இணைப்புப் பிழை' என்று திரையில் தோன்றும்போது முதலில் அந்த வாக்கியத்தை முழுமையாக வாசியுங்கள், பின்னர் கொப்பியைத் திறவுங்கள். பெட்டியைக் கடைசியாகத் தொட்டால் போதும்.